சிறார் படநூல் வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும், வர இயலாமற்போன பெரும்பாலோருக்கும் வணக்கம். 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான, சிங்கப்பூரில் இயங்கும் நம் வட்டத்தின் பணிகளை இந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

பொங்கலையொட்டிப் பிள்ளைகளை லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவுக்கு அழைத்துச் சென்று மாடுகளைக் காட்டினோம். ஏப்ரலில் தமிழ்மொழி மாதத்தை முன்னிட்டுச் சமூக மன்றத்தில் கதைநேரம் நடைபெற்றது. ஜூன் விடுமுறையில் ஓவியப் பயிலரங்கு ஒன்றை நடத்தினோம். நவம்பரில், வலசைப் பறவைகள் வந்து தங்கியிருக்கும் பருவம் பார்த்துச் சுங்கை பூலோ சதுப்புநிலத்திற்குச் சென்றோம். பேருந்தில் பாதி இருக்கைகள் காலியாக இருந்தபோதிலும் உடும்பையும் சேற்றில் தத்திச் செல்லும் மீன்களையும் பிள்ளைகள் அருகிலிருந்து பார்த்தார்கள். தீபாவளி ஒன்றுகூடல் உணவுடன் இனிதே நடந்தது. இவ்வாண்டில் மிக அதிகமானோர் கலந்துகொண்ட நிகழ்ச்சி அதுவே என்பதையும் குறிப்பில் பதிய விரும்புகிறேன்.

சென்ற ஆண்டுக் கூட்டத்தில் சிறு எதிர்ப்புடன் நிறைவேறிய படநூல் பெட்டித் திட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. இயற்கை, விலங்குகள், கிராம வாழ்க்கை ஆகியவற்றைப் பற்றிய தமிழ்ப் படநூல்களைச் சக்கரம் வைத்த பயணப்பெட்டிகளில் அடுக்கி, புளோக்குக்கு, அதாவது அடுக்குமாடிக் கட்டடத்துக்கு, ஒரு வீடு என்ற கணக்கில் மாதம் ஒரு வீட்டில் வைத்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்து படிக்கவும் எடுத்துச் செல்லவும் வழிசெய்து, மாத இறுதியில் பெட்டியை அடுத்த புளோக்குக்கு உருட்டிச் செல்வதே திட்டம். ஏன் இந்தப் பொருளில் மட்டும் நூல்கள் என்று செயற்குழுவிலேயே கேட்கப்பட்டது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் வளரும் நம் பிள்ளைகளில் பலர் ஏர், களத்துமேடு, கொட்டில், நாற்றங்கால் ஆகிய சொற்களைத் தேர்வுத்தாளில் சந்திக்கிறார்கள். நாற்றங்காலைப் படத்திலாவது கண்டிராத பிள்ளைக்கு அந்தச் சொல் எத்தனை முறை எழுதினாலும் நிற்காது. அன்று கூறிய இந்தப் பதிலில் மாற்றம் எதுவும் இல்லை.

நூல்களின் விலை குறித்தும் முணுமுணுப்பு எழுந்தது. பக்கத்துக்கு இரண்டு வரி வீதம் 32 பக்கமே உள்ள நூலுக்கு நாவலின் விலையா என்று ஓர் உறுப்பினர் எழுத்து மூலமாகவே கேட்டிருந்தார். பெரிய அச்சுத்தாளின் இருபுறமும் அச்சிட்டு மடித்தால் 16 பக்கங்கள் கிடைக்கும். அப்படி இரண்டு மடிப்புகள் சேர்ந்ததே 32 பக்கம், படநூல்கள் பெரும்பாலும் அந்த அளவில் அமைவதற்கு அதுவே காரணம். நாவலுக்குக் கறுப்பு மை ஒன்றே போதும். இங்கோ பக்கந்தோறும் வண்ணம், மறுபுறம் தெரியாத கனத்த தாள், ஒவ்வொரு பக்கத்திற்கும் ஓவியரின் உழைப்பு. சென்னையில் 1996 இல் தொடங்கப்பட்ட துளிகா பதிப்பகத்தின் நூல்களே நம் பெட்டிகளில் அதிகம். அதே நகரத்துத் தாரா பதிப்பகம் மத்திய இந்தியாவின் கோண்டு பழங்குடி ஓவியர்களின் மரங்களையும் விலங்குகளையும் கையாலேயே திரை அச்சில் பதித்து வெளியிடும் நூல்களில் ஒன்றே ஒன்றை வாங்கினோம். அது பெட்டியில் போகாது, கூட்டத்தில் கைகழுவிவிட்டுப் பார்ப்பதற்கு மட்டும்.

செலவைக் குறைக்கவும் வழி கண்டோம். பெங்களூரின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழிலும் ஏராளமான படக்கதைகள் உள்ளன. திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டவற்றை, எழுதியவர், வரைந்தவர் பெயர்களை உரிய முறையில் குறிப்பிட்டு, யாரும் அச்சிட்டுக்கொள்ளலாம். அவ்வாறு சிலவற்றை அச்சிட்டுத் தைத்தோம். இதனைத் திருட்டுப் பதிப்பு என்று நம் புலனக்குழுவில் (வாட்ஸ்அப் குழுவில்) எழுதிய நண்பர், ஒவ்வொரு பிரதியின் பின்னட்டையிலும் உள்ள உரிமக் குறிப்பைப் படித்திருந்தால் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்க மாட்டார்.

நூல்தேர்வில் நான் மிகக் கண்டிப்பாக இருக்கிறேன் என்ற குறையும் சொல்லப்பட்டது. நமக்கு நன்கொடையாக வந்த ஒரு நூலில் நாற்று நடும் பெண்கள் முன்னோக்கி நடக்கிறார்கள். அப்படி நட்டால் நட்ட நாற்றைத் தாமே மிதிக்க நேரும், பின்னோக்கி நகர்ந்துதான் நடுவார்கள் என்பதைத் தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த நம் மூத்த உறுப்பினர் உடனே சுட்டிக்காட்டினார். இன்னொன்றில் வண்டி மாட்டுக்குத் திமிலே இல்லை. திமில் இல்லாவிட்டால் நுகத்தடி எதற்கு முன்னால் தங்கும்? மூன்றாவதில் தாய்க்குயில் பாட்டுப் பாடித் தன் குஞ்சுகளை உறங்க வைக்கிறது. நம் புளோக் மரங்களில் விடியற்காலையில் உரக்கக் கூவி நம்மை எழுப்புவது கரிய ஆண்குயில். புள்ளிகள் கொண்ட பழுப்புநிறப் பெண்குயில் காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், குஞ்சை வளர்ப்பது காக்கை. கற்பனைக்கு நான் எதிரி அல்லேன். முயல் சட்டை அணிந்து சந்தைக்குப் போகட்டும், பேரமும் பேசட்டும். அந்தச் சந்தையில் நெற்கதிர் என்று கோதுமைக்கதிரை வரையக் கூடாது என்பதே என் நிலை. அம்மூன்று நூல்களும் பெட்டிகளில் சேர்க்கப்படவில்லை, இனியும் சேர்க்கப்படமாட்டா.

திட்டத்தின் பயனை அறிய, ஈசூனில் பெட்டி இருந்த வீடு ஒன்றில் நடந்ததைச் சொன்னால் போதும். ஆட்டுக்கொட்டில் வரையப்பட்ட பக்கம் திறந்திருந்தபோது, படிக்கத் தெரியாது என்று அதுவரை ஒதுங்கி அமர்ந்திருந்த பாட்டி, இந்த வட்டாரம் ‘நீ சூன்’ என்று அழைக்கப்பட்ட நாளில் தம் கம்பத்து (கிராமத்து) வீட்டில் ஆடு வளர்த்த கதையைத் தாமாகவே தொடங்கினார். எந்தக் குழையை ஆடு தொடாது, மழை வருமுன் அது எப்படிக் கத்தும் என்று அவர் சொல்லிக்கொண்டே போக, புத்தகத்தை மறந்து பிள்ளைகள் அவரைச் சுற்றி அமர்ந்துவிட்டார்கள். எழுத்து மிகுந்த நூலில் அவருக்கு இடம் இருந்திருக்காது.

இனி, சொல்ல விரும்பாத ஆனால் சொல்லியாக வேண்டியவை. ஒரு பெட்டி ஜூலையிலிருந்து ஒரே வீட்டில் இருக்கிறது. பெயரைக் குறிப்பிடவில்லை, அவர் இன்றும் வரவில்லை. ஆண்டுச் சந்தா 24 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதாவது மாதத்திற்கு 2 வெள்ளி. இதனைப் பாதிக்கு மேற்பட்டோர் செலுத்தவில்லை. பொருளாளர் அனுப்பும் நினைவூட்டல்களுக்குக் கட்டைவிரல் சின்னங்கள் தவறாமல் வந்து சேர்கின்றன. அவற்றை வங்கிக் கணக்கில் வரவு வைக்க இயலாது. நம் விதிகளின்படி, கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை, இல்லாதபோது கூட்டத்தை அரைமணி நேரம் ஒத்திவைத்து, பின்னர் இருப்பவர்களைக் கொண்டே நடத்தலாம், ஆனால் அக்கூட்டத்திற்கு விதிகளைத் திருத்தும் அதிகாரம் இல்லை. குடும்பச் சந்தா முறையைக் கொண்டுவரும் திருத்தம் இதனாலேயே சென்ற ஆண்டு தள்ளிப்போனது, இன்றும் தள்ளிப்போகிறது. சந்தா முறை சரியில்லை என்று தொலைபேசியில் என்னிடம் வாதிட்டவர்கள் நேரில் வந்து கை உயர்த்தியிருந்தால் அது எப்போதோ மாறியிருக்கும்.

கணக்கைப் பொறுத்தவரை, தணிக்கை செய்யப்பட்ட அறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். சுருக்கமாகக் கூறின், வரவு சந்தாவும் சில நல்லுள்ளங்களின் நன்கொடையும். செலவு பெரும்பாலும் நூல்கள், கப்பல் கட்டணம், அச்சுக்கூலி. கையிருப்பு கவலைப்படும் அளவில் இல்லை, மகிழும் அளவிலும் இல்லை. பெட்டிகளுக்குச் சக்கரம் மாற்றிய செலவு ‘இதர’ தலைப்பில் உள்ளது. அந்தத் தலைப்பு ஏன் பெருத்தது என்று கேட்பவர்கள், பெட்டியை ஒருமுறை மழையில் அடுத்த புளோக்குக்கு உருட்டிப் பார்க்கலாம்.

இடம் தந்த சமூக மன்றத்திற்கும், வழிகாட்டிய தலைவருக்கும், கணக்கைப் பேணிய பொருளாளருக்கும், பெட்டிக்கு இடமளித்த குடும்பங்களுக்கும், தேநீர் ஏற்பாடு செய்த மகளிருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டிற்கு ஒரு யோசனை உள்ளது. நம் பெட்டிகளில் தஞ்சை வயலும் கொங்கு மாடும் உள்ளன. பீஷான் பூங்காவின் நீர்நாயும், 1994 இல் உபின் தீவில் மீண்டும் தென்பட்டு இப்போது வீடுகளின் சன்னலோரம் வரை வரும் இருவாச்சியும் அவற்றில் உள்ள ஒரு நூலில்கூட இல்லை. பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்க, ஆண்பறவை சிறு துளை வழியே உணவூட்டும். ஒரு பக்கத்தில் மூடிய பொந்து, புரட்டினால் உள்ளே தாயும் குஞ்சும் என்று படநூலுக்கென்றே அமைந்த கதை அது. நாமே 16 பக்கத்தில் அதனை வெளியிடலாம் என்று கருதுகிறேன். வரைவதற்கு நம் உறுப்பினர் ஒருவர் இசைந்துள்ளார். அச்சுக்கூலிக்கு யாரும் இன்னும் இசையவில்லை. நிலுவைச் சந்தா முழுவதும் வந்தால் அதிலேயே பெரும்பகுதி அடங்கிவிடும் என்பது பொருளாளரின் கணக்கு.

செயலாளர் பொறுப்பை ஏற்க வேறு எவரேனும் முன்வந்தால் ஆவணங்களையும் பெட்டிகளையும் அன்றே ஒப்படைக்க நான் ஆயத்தம். இதுவரை எவரிடமிருந்தும் வேட்புமனு வரவில்லை. பள்ளி தொடங்கும் வாரத்தில் பெட்டிகள் மீண்டும் புறப்படும். நூல்களை வீட்டில் வைத்திருப்பவர்கள் அதற்குள் சமூக மன்ற முகப்பில் விட்டுச் சென்றால் போதும். தாமதக் கட்டணம் கேட்கமாட்டோம், காரணமும் கேட்கமாட்டோம்.

இங்ஙனம்,
செயலாளர்