இமாமான மகனுக்கு

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்பு மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று போனில் நீ கோபமாக இருந்ததால் நான் எதுவும் பேசவில்லை. மெல்பர்னில் தொழ வைக்க உன்னைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கும் அத்தாவுக்கும் சந்தோஷம்தான். அதுவும் நீயாகக் கேட்டு வாங்கவில்லை. பொறுப்பைக் கேட்டு வருபவருக்கு அதைக் கொடுக்க மாட்டோம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது உனக்கே தெரியும். ஆனால் இரவில் தொழும் இஷா ரொம்ப நீளுகிறது என்று அந்த டாக்சிக்காரர் முறையிட்டதற்கு, "இவங்களுக்கு ஈமான் பத்தாது உம்மா" என்று அவர்களுடைய இறைநம்பிக்கையையே குறை சொன்னாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை.

நபித்தோழர் முஆது இப்னு ஜபல் (ரலி) அவர்களும் இதே இஷாவில்தான் மாட்டிக்கொண்டார். தொழ வைக்கும்போது, 286 ஆயத்து, அதாவது வசனம், உள்ள அல்பகரா அத்தியாயத்தை ஓத ஆரம்பித்துவிட்டார். பகலெல்லாம் ஒட்டகங்களை வைத்துத் தண்ணீர் இறைத்துக் களைத்து வந்த ஒருவர், பாதியில் விலகித் தனியாகத் தொழுதுவிட்டுப் போனார். முஆது அவரை முனாஃபிக், நயவஞ்சகர் என்றார். விஷயம் நபியவர்களிடம் போனது. திட்டு யாருக்கு விழுந்தது? "முஆதே, நீர் குழப்பம் செய்பவரா?" என்று மூன்று முறை கேட்டார்கள். ஸப்பிஹிஸ்ம, வஷ்ஷம்ஸி, வல்லைலி மாதிரி சின்ன அத்தியாயங்களை ஓதியிருக்கக் கூடாதா என்றார்கள். மூன்றில் எதுவும் 21 ஆயத்தைத் தாண்டாது. உனக்குப் பின்னால் முதியவர், பலவீனர், வேலையுள்ளவர் எல்லாரும் நிற்கிறார்கள் என்றார்கள். அப்புறம் அதே முஆதைத்தான் பொறுப்புக் கொடுத்து யமனுக்கு அனுப்பினார்கள்.

தனியாகத் தொழும்போது எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம், அதற்குத் தடையே இல்லை. உனக்கு ஆசையிருந்தால் வீட்டில் பின்னிரவில் தொழும் தஹஜ்ஜுதில் அல்பகராவை ஓது. இங்கே வருஷம் முழுக்க ஒன்பது மணிக்குள் இஷா வந்துவிடும். அங்கே டிசம்பரில் பத்து மணிக்கு மேல் என்கிறாய். விடிகாலையில் வண்டி எடுக்க வேண்டியவர் என்ன செய்வார்?

நான் எப்போதும் பின் வரிசைக்காரி. திரைக்கு இந்தப் பக்கம் இமாமின் ஜுப்பாவும் தெரியாது, பட்டமும் தெரியாது. குழந்தை அழுதால் ஓதலைச் சுருக்குகிறாரா என்பது மட்டும் தெரியும். தாயின் மனம் தவிக்குமே என்று நபியவர்கள் அப்படித்தான் சுருக்கினார்கள். (எக்கோவைக் கூட்டி வைத்து ஓதும் சில இளைஞர்களைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்.)

போன நோன்பில் ஓர் இரவு, நான்கு ரக்அத்தோடு (தொழுகைச் சுற்றோடு) முடிய வேண்டிய இஷாவில் இமாம் ஐந்தாவது ரக்அத்துக்கு எழுந்துவிட்டார். ஆண்கள் பக்கம் தவறைச் சுட்ட ஒரு 'சுப்ஹானல்லாஹ்' கூட வரவில்லை. எங்கள் வரிசையில் ஒரு பாட்டி, பெண்கள் தவறைச் சுட்டும் முறைப்படி, இடது புறங்கையில் படீரென்று தட்டினார். இமாம் உடனே உட்கார்ந்தார், மறதிக்கான ஸஹ்வு ஸஜ்தா செய்து, ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தார். பிறகு மைக்கிலேயே, "தட்டியவருக்கு அல்லாஹ் நற்கூலி தரட்டும்" என்றார். அன்றிலிருந்து அவர் தொழ வைக்கிறார் என்றால் மழையானாலும் போய்விடுவேன்.

நபியவர்களே ஒருமுறை நான்கு ரக்அத் தொழுகையில் இரண்டிலேயே ஸலாம் கொடுத்துவிட்டார்கள். நெருங்கிய தோழர்களான அபூபக்ரும் உமரும் அங்கேதான் இருந்தார்கள், பேசத் தயங்கினார்கள். துல்யதைன் என்பவர்தான் எழுந்து, "மறந்துவிட்டீர்களா, தொழுகை சுருக்கப்பட்டுவிட்டதா?" என்று கேட்டார். இவர் சொல்வது சரியா என்று நபியவர்கள் மற்றவர்களிடம் விசாரித்து, மீதியைத் தொழுது முடித்தார்கள். பின்னாளில் அபூபக்ர் (ரலி) தலைமைக்கு வந்து கலீஃபாவானதும் பேசிய முதல் பேச்சிலேயே, நான் உங்களில் சிறந்தவன் அல்ல, தவறினால் என்னைத் திருத்துங்கள் என்றார்.

உன்னிடம் முகத்துக்கு நேராகச் சொல்ல அங்கே ஒருவராவது இருக்கிறாரே என்று எனக்கு நிம்மதி. அந்த டாக்சிக்காரர் மறுபடி வந்தாரா? வரவில்லை என்றால் நீயே தேடிப் போ. தொழுகைப் பேச்சை எடுக்காதே. வண்டி எப்படி ஓடுகிறது, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேள்.

அத்தா ஸலாம் சொல்கிறார்.

உன் உம்மா