மல்செசினேலருந்து மலருக்கு

மலரு,

நல்லா இருக்கியா, அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா. இங்க எல்லாரும் சௌக்கியம். சின்னவனுக்கு லீவு விட்டதால ம்யூனிக்லருந்து கார்லயே கிளம்பி இத்தாலிக்கு, கார்டா ஏரிக்கு வந்திருக்கோம். சுந்தரி பொண்ணைப் பாத்துட்டு வந்தியா, யார் ஜாடைன்னு தனியா மெசேஜ் போடு.

இதை உக்காந்து எழுதறதுக்குக் காரணம் வேற. போன தடவை பேசும்போது ஸ்கெட்ச் நோட்டு எல்லாத்தையும் பழைய பேப்பர் கடையில போட்டுட்டேன்னு, பால் கார்டு வாங்கிட்டு வந்த மாதிரி சாதாரணமா சொன்ன பாரு, அதுலருந்து எனக்கு மனசே ஆறலடி. இப்ப இந்த ஊருக்கு வந்ததும் உன் ஞாபகம் ரொம்ப ஜாஸ்தியாயிடுச்சு.

ஊர் பேரு மல்செசினே, ஏரியோட கிழக்குக் கரை. பின்னாடியே மோன்தே பால்டோ மலை, கேபிள் கார்ல 1760 மீட்டருக்குத் தூக்கிட்டுப் போறான், அந்தக் கேபினே சுத்திக்கிட்டே மேல போகுது, சின்னவன் இறங்கவே மாட்டேன்னுட்டான். கீழ ஏரிக்குள்ள நீட்டிக்கிட்டிருக்கற பாறை மேல கோட்டை. வெரோனாவை ஆண்ட ஸ்காலிஜேரி குடும்பத்துக் கோட்டைன்னு சொல்றாங்க, 1277லருந்து 1387 வரைக்கும் ஊர் அவங்க கையில. மதில் உச்சி எல்லாம் தகைவிலான் குருவி வால் மாதிரி நடுவுல பிளந்து நிக்கும், நீ பாத்தா அந்த வெட்டை மட்டுமே ஒரு பக்கம் பூரா வரைவ.

இங்கதான் ஜெர்மன் கவிஞர் கதே மாட்டிக்கிட்டார். 1786 செப்டம்பர், அப்ப அவருக்கு 37 வயசு, வேற பேர்ல ஊர் சுத்திட்டிருந்தார். இதே ஏரியோட வடக்குக் கரையில இருக்கற தோர்போலேலருந்து விடியறதுக்கு முன்னாடியே படகுல வந்தவருக்கு எதிர்காத்து அடிச்சு, துடுப்பு போட்டும் நகர முடியாம இந்த ஊர்ல ஒதுங்க வேண்டியதாப் போச்சு. (அந்தக் காத்து இன்னிக்கும் வருது, மத்தியானம் தெக்கேருந்து கிளம்பும், ஓரான்னு பேரு, பாய்மரக்காரங்க அதுக்காகவே காத்துக்கிட்டு நிக்கறாங்க.) மறுநாள் காலையில கோட்டைக்குப் போறார், கதவும் இல்ல காவலும் இல்ல, முற்றத்துல ஒரு கல் இருக்கையில உக்காந்து பழைய கோபுரத்தை வரைய ஆரம்பிக்கறார். ஆளுங்க கூடிட்டாங்க. ஒருத்தன் வந்து இதெல்லாம் வரையக்கூடாதுன்னு சொல்லி, கொஞ்சம்கூடப் பதட்டப்படாம, படத்தை எடுத்துக் கிழிச்சு அட்டை மேலயே வெச்சுட்டான். அப்ப ஊர் வெனிஸ் ஆட்சியில இருந்துச்சு, ஆஸ்திரியா எல்லை பக்கத்துலயே, அதனால இவர் ஆஸ்திரியச் சக்கரவர்த்தியோட ஒற்றன்னு சந்தேகம். அதிகாரி வேற வந்துட்டார்.

கவனி, மலரு, இதுதான் எனக்குப் பெருசாப் பட்டது. அவர் சண்டையும் போடல, மன்னிப்பும் கேக்கல. இடிஞ்ச கோபுரத்துல என்னய்யா பாக்க இருக்குன்னு கேட்டவங்களுக்கு, அது ஏன் அழகு, சுவத்துல படர்ந்திருக்கற கொடி எப்படி இருக்குன்னு அந்தக் கூட்டத்துக்கே விளக்கினார்! தெனம் பாக்கற சுவத்தை அன்னிக்குத்தான் திரும்பிப் பாத்தாங்க. கடைசியில கதேயோட சொந்த ஊரான ஃப்ராங்க்ஃபர்ட்ல வேலை பாத்த உள்ளூர்க்காரர் க்ரெகோரியோவைக் கூப்பிட்டாங்க, அவர் அந்த ஊர்க் குடும்பங்களைப் பத்திக் கேட்டுக் கேட்டு ஆள் நிஜம்னு சொன்னப்புறம்தான் விட்டாங்க. நம்ம வாட்ச்மேன் கதை ஞாபகம் வருதா, நமக்கு க்ரெகோரியோவா வந்தது லோகுதான்!

படம் அதோட போகல. கோட்டைக்குள்ள அவருக்குன்னு ஒரு அறையே இருக்கு, அவர் வரைஞ்சதைக் காட்டறாங்க. ஆனா ஆஸ்திரிய ஓவியர் க்ளிம்ட் 1913ல வரைஞ்ச இந்த ஊர், அந்த ஓவியம், 1945ல ஆஸ்திரியாவுல ஒரு மாளிகையோட எரிஞ்சே போச்சு. படிச்சதும் எனக்கு உன் நோட்டுங்கதான் கண்ணுல வந்துச்சு, குளத்தங்கரை ஆலமரம், தாத்தா தூங்கறது, எல்லாம்.

யாரு என்ன சொன்னாங்கன்னு நீ நிறுத்தினேன்னு எனக்குத் தெரியும். இந்த வயசுல இது எதுக்குன்னு கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லாமலாவது இரு, கையை மட்டும் நிறுத்தாதடி. என்கிட்ட உன்னோட மூணு படம் இருக்கு, தரமாட்டேன், புதுசா வரைஞ்சா மட்டும் பேசலாம். பேப்பரும் பென்சிலும் இங்கருந்தே அனுப்பறேன், வீட்டு அட்ரஸ் மாறலையே? பாஸ்போர்ட் ரின்யூ பண்ணிட்டியான்னு லோகுகிட்ட கேட்டு எழுது, வர்ற மே மாசம் நீ இங்க வந்தே ஆகணும்.

உன்
கலா