எண்ணெய் அடிப்பவரின் பாதுகாப்பு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்களில் பெரும்போக நெற்செய்கைக்கான ஆரம்பக் கூட்டங்கள் நடைபெறும் காலம் இது. நீர் திறக்கும் நாள், விதைப்பை முடிக்க வேண்டிய நாள், மாடுகளை வட்டையிலிருந்து (வயல்வெளியிலிருந்து) அப்புறப்படுத்தும் நாள் என எல்லாமே அங்கு தீர்மானிக்கப்படுகின்றன. ஆனால், அதே வட்டைக்குக் களைநாசினியும் பூச்சிநாசினியும் தெளிக்க, அதாவது எங்கள் பேச்சில் 'எண்ணெய் அடிக்க', வரும் கூலியாள் எதை அணிந்திருக்க வேண்டும், அதை யார் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது பற்றி நான் கலந்துகொண்ட எந்தக் கூட்டத்திலும் பேசப்பட்டதில்லை.

எங்கள் பகுதியில் எண்ணெய் அடிக்க வருபவர் பெரும்பாலும் மடித்துக் கட்டிய சாரமும் அரைக்கைச் சட்டையுமாக, வெறுங்காலுடன்தான் வரம்பில் ஏறுகிறார். மருந்தைப் போத்தலின் மூடியில் அளந்து ஊற்றுவதும் வெறுங்கையால்தான். தெளிகருவியின் முனை அடைத்துக்கொண்டால் அதைக் கழற்றி வாயில் வைத்து ஊதுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தாங்கியின் மூடி சரியாகப் பொருந்தாவிட்டால், குனியும்போதெல்லாம் கரைசல் தளும்பி முதுகில் வழிகிறது. அந்த ஈரச் சட்டையுடனேயே வேலையை முடிக்கும் அவர், மூக்கைத் துவாயால் கட்டிக்கொண்டதே போதுமான பாதுகாப்பு என்று நம்புகிறார்.

உண்மையில், தெளிப்பவரின் உடலுக்குள் நாசினி செல்லும் முதன்மையான வழி தோல்தான். அதிலும், இன்னும் நீர் சேராத மருந்து கலக்கும் வேளையில் கையில் படுவதே மிக ஆபத்தானது. மூக்கில் கட்டிய துவாய் ஆவியைத் தடுப்பதில்லை. நனைந்துவிட்டால் நஞ்சை முகத்தோடு ஒட்டி வைத்திருக்கும். துணிக் கையுறையும் தோல் கையுறையும் மருந்தை உறிஞ்சிக்கொள்வதால், நைத்திரைல் கையுறையே ஏற்றது. நெல்லுக்குக் கீழ்நோக்கித் தெளிக்கும்போது சட்டைக் கை கையுறைக்கு வெளியேயும், காற்சட்டை சப்பாத்துக்கு வெளியேயும் இருந்தால்தான் வழியும் கரைசல் உள்ளே இறங்காது. கலக்கும்போது ஒரு முகத்தடுப்பும், முதுகில் தாங்கிக்கு அடியில் ஒரு பொலித்தீன் விரிப்பும் இருந்தால் பெரும்பகுதி ஆபத்து குறையும்.

சேற்றில் புதையும் ரப்பர் சப்பாத்துடன் ஓர் ஏக்கரை நடந்து முடிப்பது எவ்வளவு சிரமம் என்பதை அறிந்தே இதை எழுதுகிறேன். விழிப்புணர்வு நிகழ்ச்சிகளில் காட்டப்படும், உடல் முழுவதையும் மூடும் வெள்ளை அங்கி எங்கள் புழுக்கத்தில் புகைப்படத்துக்கு மட்டுமே உதவும். முழுக்கைப் பருத்திச் சட்டை, நீண்ட காற்சட்டை, கையுறை ஆகிய மூன்றையாவது அணிந்து, வெயில் ஏறுமுன் வேலையை முடிப்பது நடைமுறையில் சாத்தியமானதே. எனினும், தாங்கிக் கணக்கில் கூலி பெறுபவருக்குக் கையுறை மாட்டும் நேரமும், கைகழுவும் நேரமும் கூலி இழப்பாகவே தெரியும். ஆகவே அவரது அறியாமையை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும் உரியது. அரிசி ஆலைக்குள் நிற்பவருக்கு அச்சட்டம் துணை நிற்க, ஆலைச் சுவருக்கு அப்பால் வயலில் நிற்பவருக்கு அது எட்டுவதில்லை. நிலவுடைமையாளரான போடியார் முதல் குத்தகைக்காரர் வரை, ஆளை அழைத்து வேலை வாங்குபவரே கையுறையும் சட்டையும் கொடுக்க வேண்டும் என்று ஆரம்பக் கூட்டத்திலேயே தீர்மானித்தால், சட்டம் திருத்தப்படும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு போத்தல் களைநாசினி வாங்கக்கூடியவருக்கு ஒரு சோடிக் கையுறை பெருஞ்செலவல்ல. சப்பாத்தையும் முகத்தடுப்பையும் விவசாய அமைப்புகள் பொதுவில் வாங்கி வைக்கலாம். உட்புறம் மாசுபட்ட கையுறை, கையுறையே இல்லாததைவிடக் கேடு என்பதால், அது மட்டும் ஆளுக்கொன்றாக இருத்தல் வேண்டும். தீர்மானம் நடைமுறையாகிறதா என்பதை வட்டையை மேற்பார்வை செய்யும் வட்டவிதானைமாரும், பயன்படுத்தும் முறையை விவசாயப் போதனாசிரியர்களும் கவனிக்கலாம்.

பிரதேச செயலாளர்களும் கமநல அபிவிருத்தி உத்தியோகத்தர்களும் இவ்விடயத்தை இப்போகத்துக்கான நிகழ்ச்சி நிரலிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும் எனத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
விவசாயி ஒருவர்,
தம்பிலுவில்.