ஐடில் ஸ்க்ரூவைத் திருப்பச் சொல்லாதீர்கள்: தோட்ட நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெஸ்தாரி ஜெயா சுற்றுவட்டாரத் தோட்டங்களின் நிர்வாகிகளுக்கும், உதவி நிர்வாகிகளுக்கும், கிராணிமார்களுக்கும் வணக்கம்.

இந்த ஊரை எல்லோரும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் நான் பட்டறை திறந்தேன். முதலில் மோட்டார் சைக்கிளும் புல்வெட்டும் மெஷினும்தான் வந்தன. பிறகு உங்கள் தோட்டங்களுக்கு ஏ.டி.வி. என்ற நான்கு சக்கர மண்பாதை வண்டி வந்தது, அதுவும் என்னிடமே வந்தது. என் அப்பா ரப்பர் பால்மரம் சீவியவர், அம்மா எண்ணெய் எடுக்கும் செம்பனையில் உதிரிப்பழம் பொறுக்கியவர். 1917-இல் இந்த மலேசிய நாட்டில் வியாபாரத்துக்கென்று செம்பனையை முதன்முதலில் நட்டது இந்த வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான். இந்த மண்ணில் சக்கரம் எப்படிப் புதையும், மழைக்குப் பிறகு எந்தப் பாதையில் தண்ணீர் எவ்வளவு நாள் நிற்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இந்த மடலை எழுதத் துணிந்ததும் அதனால்தான்.

முன்பொரு அக்டோபர் மழையில் ஒரு தோட்டத்து அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "அண்ணே, ஏ.டி.வி. ஆக்சிலேட்டரை விட்டதும் நின்னுபோகுது. ஐடிலைக் கொஞ்சம் ஏத்தி விடுங்க. மத்தியானத்துக்குள்ள வண்டி வேணும், மருந்தடிக்கப் போகணும்." நானும் கேட்டபடி செய்தேன். ஆக்சிலேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகம்தான் ஐடில். அதை ஏற்ற, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டர் பக்கத்திலிருக்கும் அந்தச் சின்ன ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று உள்ளே திருப்பினேன். எஞ்சின் நிற்காமல் ஓடியது. கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

ஒன்பதாம் நாள், குலை ஏற்றும் மேடை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, மருந்து டிரம்மை எடுக்க முன்னால் வந்து நின்றான் அதை ஓட்டிய தம்பி. எஞ்சினை அணைக்கவில்லை. கியர் போட்டபடியே இருந்தது. பார்க்கிங் பிரேக் முழுசாகப் பிடிக்கவில்லை. யாரும் ஆக்சிலேட்டரைத் தொடவே இல்லை, வண்டி தானாக முன்னால் ஊர்ந்தது. சிமெண்ட் விளிம்புக்கும் முன் இரும்புக்கும் நடுவில் அவன் கால் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. இப்போது நடக்கிறான். ஆனால் பாரம் தூக்கிக்கொண்டு பலகைப் பாலம் ஏற அவனால் முடியவில்லை.

வண்டி மறுபடி என் பட்டறைக்கு வந்தபோது கார்புரேட்டரைக் கழற்றினேன். உள்ளே பைலட் ஜெட் என்று ஒரு பித்தளைத் துண்டு இருக்கும், சட்டைப் பொத்தான் அளவுகூட இருக்காது. அதன் நடுவில் தலைமுடி நுழையும் அளவுக்கு ஒரு துளை. எஞ்சின் சும்மா ஓடும்போது அதற்கான பெட்ரோல் அந்தத் துளை வழியாகத்தான் போக வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், வெளிச்சம் தெரியவில்லை. வாரக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியில் பெட்ரோல் காய்ந்து, பச்சை நிறப் பிசினாகி அடைத்திருந்தது. அதைக் கழற்றி, கிளீனர் ஊற்றி ஊறவிட்டு, காற்றடித்து, மறுபடி மாட்ட ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரத்தை அன்றைக்கு யாரும் எனக்குத் தரவில்லை, நானும் கேட்டு வாங்கவில்லை. ஸ்க்ரூவைத் திருப்பிய கை என்னுடையது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

வண்டி நிற்கிறது என்பது ஒரு கோளாறு, கியர் கடிக்கிறது என்பது இன்னொரு கோளாறு என்று தனித்தனிச் சீட்டாக எழுதி அனுப்புகிறீர்கள். உங்களிடமுள்ள வண்டிகளில் பெரும்பாலும் முதலாவதுதான் இரண்டாவதைப் பெற்றெடுக்கிறது.

எஞ்சினின் சுழற்சியைக் கியர்பெட்டிக்கு பெல்ட் கொண்டுபோகும் வண்டியின் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் முன் புல்லி இரண்டு தட்டுகளால் ஆனது. வேகம் கூடினால் உள்ளிருக்கும் எடைக்கட்டிகள் வெளியே விரிந்து, தட்டுகளை நெருக்கி பெல்ட்டைப் பிடிக்கும். வேகம் குறைந்தால் தட்டுகள் விலகி பெல்ட்டை விட்டுவிடும். ஒற்றை சிலிண்டர் வண்டிகளில் ஐடில் பொதுவாக நிமிடத்துக்கு 1,200 முதல் 1,600 சுற்றுக்குள் இருக்கும், சரியான அளவு அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கிறது. அதைத் தாண்டி ஏற்றினால் தட்டுகள் பெல்ட்டை அரைகுறையாகப் பிடிக்கத் தொடங்கும். ஓட்டுபவர் பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்க, முன் புல்லி பெல்ட்டின் ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும். அந்த இடம் கருகி மெலியும். அடுத்த நாளிலிருந்து வண்டி கிளம்பும்போதெல்லாம் "டொக், டொக்" என்று இடிக்கும். அந்தத் தம்பியின் வண்டியிலிருந்து நான் எடுத்த பெல்ட்டில் இரண்டு விரல் அகலத்துக்கு இடுப்பு சிறுத்ததுபோல் தேய்ந்திருந்தது. அதை இன்னும் பட்டறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன்.

அதோடு முடியவில்லை. பெல்ட் இழுத்தால் கியர்பெட்டியின் உள் தண்டும் சுற்றும். சுற்றிக்கொண்டிருக்கும் தண்டில் நியூட்ரலிலிருந்து ரிவர்சுக்குத் தள்ளினால் பல்லோடு பல் மோதும். அந்தக் "கரக்" சத்தம் உங்கள் அலுவலக ஜன்னல் வரைக்கும் கேட்டிருக்கும். ஒவ்வொரு மோதலிலும் பல்லின் முனை கொஞ்சம் மழுங்கும். மழுங்கிய பல் பாரம் ஏறியதும் பிடி நழுவும், வண்டி ஓடும்போதே கியர் விழுந்துவிடும். மேட்டில் நூறு லிட்டர் மருந்துத் தண்ணீரோடு, அதாவது நூறு கிலோவோடு, கியர் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஜெட்டைக் கழுவியிருந்தால் தீர்ந்திருக்கும், கடைசியில் கியர்பெட்டியையே பிரிக்க வேண்டியதாகிறது.

ஹோண்டாவின் பல தோட்ட வண்டிகளில் பெல்ட் கிடையாது, கியரும் ஆயிலில் ஊறிய கிளட்ச்சும்தான். யமஹா சிலவற்றில் பெல்ட்டும் உண்டு, ஈரக் கிளட்ச்சும் உண்டு. இவற்றிலும் கதை அதேதான், ஐடில் ஏறினால் கிளட்ச் முழுசாக விடாது. இந்த வண்டிகளுக்கு ஸ்டோரில் மிச்சமிருக்கும் கார் ஆயிலை ஊற்றும் வழக்கத்தைத் தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். டின்னில் ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. என்று அச்சிட்ட மோட்டார் சைக்கிள் ஆயில்தான் இவற்றுக்கு. கார் ஆயில் பலவற்றில் வழுக்கலுக்காகச் சேர்க்கும் மருந்து கிளட்ச்சையும் வழுக்க வைத்துவிடும்.

சரி, வண்டி நின்று நின்று போனால் என்ன பார்ப்பது? என்னிடம் அனுப்பும் முன் உங்கள் ஆட்களே பார்க்கக்கூடியது நிறைய இருக்கிறது. சோக் (பெட்ரோலைக் கூட்டிவிடும் விசை) போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது என்றால் பெட்ரோல் போதவில்லை, பெரும்பாலும் ஜெட் அடைப்புதான். கொஞ்ச தூரம் ஓடி நின்று, டாங்கி மூடியைத் திறந்ததும் "புஸ்" என்று காற்று இழுத்தால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. கார்புரேட்டர் அடியிலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, கிண்ணத்துப் பெட்ரோலைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் முத்து முத்தாகத் திரளும். மழையில் மூடியில்லாத டின்னில் பெட்ரோல் வைக்கும் ஒவ்வொரு ஸ்டோரிலும் இதை நான் பார்த்திருக்கிறேன். உரம் போடும் நாட்களில் ஏர் பில்டர் பஞ்சு பூராவும் உரத்தூள் அப்பிக்கொள்ளும், வாரம் ஒருமுறை அதைக் கழுவி, காயவைத்து, ஆயில் தடவிப் போட வேண்டும். கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர் குழாய் வெயிலில் வெடித்திருந்தால் அங்கே திருட்டுக் காற்று நுழைந்து ஐடிலைக் குலைக்கும். சூடானதும் மட்டும் நிற்கிறது, சூட்டில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது என்றால் வால்வு இடைவெளி இறுகியிருக்கலாம். அது என் வேலை, அனுப்பி விடுங்கள்.

ஒரு சோதனையை மட்டும் ஓட்டுகிற ஒவ்வொருவரும் தினமும் காலையில் செய்ய வேண்டும். வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டு, ஹேண்டிலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்புங்கள். எஞ்சின் சத்தம் கூடினால் ஆக்சிலேட்டர் கேபிள் எங்கோ இழுபடுகிறது. அந்த வண்டி அன்றைக்கு வெளியே போகக் கூடாது.

புதிதாக வாங்கிய வண்டிகளில் கார்புரேட்டரே இல்லை, கம்ப்யூட்டர் கணக்குப்படி பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன்தான். அதில், எஞ்சினுக்குக் காற்று விடும் திராட்டில் ஓரமாக இருக்கும் ஸ்க்ரூ ஐடிலுக்கானது என்று நினைத்து யாரும் கை வைக்காதீர்கள், கம்ப்யூட்டரின் கணக்கே தப்பிவிடும். அங்கே திராட்டில் பாடியில் படிந்த கரியையும் பேட்டரியையும் முதலில் பாருங்கள். நிறுத்திய வண்டியில் 12.6 வோல்ட்டை ஒட்டியும், ஓடும்போது 14-ஐ ஒட்டியும் காட்ட வேண்டும். பேட்டரி சோர்ந்தால் ஐடிலும் தள்ளாடும்.

சுங்கை சிலாங்கூர் ஆற்றோரத் தோட்டங்களில் தண்ணீர் ஏறும் மாதங்களில் இன்னொன்றும் நடக்கும். எஞ்சின் அலறும், வண்டி நகராது. கியர் போச்சு என்று லாரியில் ஏற்றி அனுப்புகிறீர்கள். பாதிக்கு மேற்பட்ட வண்டிகளில் பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்திருப்பதுதான் காரணம். பெட்டியின் அடியில் ரப்பர் அடைப்பானோ ஸ்க்ரூவோ ஒன்று இருக்கும். அதைக் கழற்றித் தண்ணீரை வடித்து, நியூட்ரலில் லேசாக ரேஸ் கொடுத்து உலரவிட்டால் பல வண்டிகள் அங்கேயே கிளம்பிவிடும். ஈர பெல்ட்டோடு முறுக்கி ஓட்டினால்தான் அது கருகும். சேற்றிலும் பாரத்திலும் லோ கியரில்தான் போக வேண்டும். வேகமாக முடிக்கச் சொல்லும் மண்டோர்களுக்கு (மேற்பார்வையாளர்களுக்கு) இதைச் சொல்லி வையுங்கள், ஏனென்றால் பையன்கள் ஹையில் போவது உங்கள் அவசரத்துக்காகத்தான்.

1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு இயந்திரங்களைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் கடமையை முதலாளி மேல் வைக்கிறது. அதை எடுத்துக்காட்டி உங்களை மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. லயத்தில் பிறந்தவனோ, இந்தோனேசியாவின் லொம்போக்கிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்தவனோ, அந்த வண்டியில் ஏறுகிறவன் "இது ஊருது துரை, நான் ஓட்ட மாட்டேன்" என்று சொன்னால் அன்றைக்கு அவன் சம்பளம் வெட்டுப்படக் கூடாது. நான் கேட்பது இவ்வளவுதான். சாவியை அவன் அலுவலக மேசையில் வைத்துவிட்டுப் போகும் உரிமையை எழுத்தில் கொடுங்கள், அவனுக்குப் புரியும் மொழியில்.

என் பக்கத்தில், காரணம் கண்டுபிடிக்காமல் இனி எந்த வண்டியிலும் ஐடிலை ஏற்றிக் கொடுக்க மாட்டேன். நீங்கள் வேறு பட்டறைக்கு அனுப்புவோம் என்றால் அனுப்புங்கள். அனுப்பாத தோட்டங்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை காலை பட்டறையில் வேறு வேலை எடுக்க மாட்டேன். ஓட்டுகிற பையன்களை வண்டியோடு அனுப்பி வையுங்கள். ஜெட்டைக் கழற்றுவது, பெட்டித் தண்ணீரை வடிப்பது, கேபிளைச் சோதிப்பது எல்லாம் அவர்கள் கையாலேயே செய்யவைத்து அனுப்புகிறேன். கூலி வேண்டாம். அந்தத் தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறான், சுவரில் மாட்டியிருக்கும் பெல்ட்டைப் பற்றி அவனே சொல்லட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வண்டிகளைப் பார்க்கும் பட்டறைக்காரன்
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்