பொத்திப் பொத்தி வளர்க்கச் சொன்ன டாக்டருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில், ரத்தம் உறையாத ஹீமோபிலியா நோயுள்ள மகனைப் பற்றி ஒரு தாய் கேட்டிருந்தார். 'இத்தகைய குழந்தைகளை ஓடியாட விடாமல் பொத்திப் பாதுகாக்க வேண்டும்' என்று ஒரே வரியில் பதில். அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு எங்கள் உறவினர் ஒருவர் வீடு தேடி வந்துவிட்டார். உங்கள் புண்ணியம்.

என் மகனுக்கும் அதே நோய்தான், கடுமையான வகை. பி.டி. பீரியடில் பள்ளி அவனுக்குக் கொடுத்த உத்தியோகம், மற்ற பிள்ளைகளின் செருப்புக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் காவல் இருப்பது. 'விளையாட்டிலிருந்து விலக்கு' என்று சர்டிபிகேட் கேட்டார்கள். டாக்டரும் நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக் கொடுத்தார். அவன் எதை விளையாடலாம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

உட்கார்த்தி வைத்த பலன்? முழங்காலில் ரத்தம் கட்டியது. வீக்கம் வடிந்த பிறகும் ஆடாமல் அசையாமல் வைத்திருந்ததில் தொடைச்சதை இளைத்துப்போனது. சதைப்பிடிப்பு இல்லாத மூட்டில் திரும்பத் திரும்ப ரத்தம் கட்டும் என்று சொன்னவர் அரசு மருத்துவமனை பிசியோதெரபிஸ்ட். காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தச் சொல்லித்தான் ஆரம்பித்தார். அப்புறம் நடை, அப்புறம் நீச்சல். அதுவும் ரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் ஊசி போட்ட அன்று காலையிலேயே. 8 முதல் 12 மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடுமாம். கபடி, குத்துச்சண்டை கூடவே கூடாது. மூட்டு சுட்டாலோ குறுகுறுத்தாலோ உடனே நிறுத்த வேண்டும். எந்த நாள், எவ்வளவு நேரம் என்று மாத்திரைக்கு எழுதுவதுபோல எழுதித் தந்தார்.

உலக ஹீமோபிலியா கூட்டமைப்பின் 2020 வழிகாட்டியும் உடற்பயிற்சி வேண்டும் என்றே சொல்கிறது. தங்களுக்குத் தெரியாததா? ஏப்ரல் 17, உலக ஹீமோபிலியா தினம் வந்தால் ஜன்னலோரம் ஏங்கி நிற்கும் பையன் படத்தைத் தவறாமல் போடுகிறீர்களே! கடுமையான ஹீமோபிலியா உள்ள பிரிட்டிஷ் வீரர் அலெக்ஸ் டௌசெட் 2015 மே மாதம் ஒரு மணி நேரத்தில் 52.937 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டி உலக சாதனை படைத்தார். அந்தப் படத்துக்கு இடம் இருந்திருக்காது, ஐ.பி.எல். நேரம் பாருங்கள். இதைப் பற்றி முன்பு நான் எழுதிய கடிதத்துக்கும் இடமில்லை. ராசிபலனுக்கு மட்டும் அரைப்பக்கம் எப்படியோ கிடைத்துவிடுகிறது.

சரி, அந்தத் தாய்க்காகக் கேட்கிறேன். 'ரத்தநோய் மருத்துவரையும் பிசியோதெரபிஸ்ட்டையும் பார்த்து, பையன் எதை, எப்போது, எவ்வளவு நேரம் விளையாடலாம் என்று எழுதி வாங்குங்கள்' என்று அடுத்த ஞாயிறு அதே பகுதியில் போடுங்கள். இரண்டு வரிதான். கட்டம்கூட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தேனி