சம்பளம் யார் கொடுத்தார்கள் என்று பார்

அன்புள்ள மீனா,

பருவ முடிவில் மாணவர்கள் உனக்கு மதிப்பெண் போடும் படிவம் பற்றி எழுதியிருந்தாய். வாத்தியாரை மாணவன் எடைபோடுவது இந்தக் காலத்துக் கூத்து என்று உன் துறையில் பேசிக்கொள்கிறார்களாம். பேராசிரியர் வேலை உருவான ஊர்களில் ஒன்றிலேயே அது நடந்தது, இதைவிடக் கடுமையாக.

12ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பொலோஞாவுக்கு ரோமானியச் சட்டம் படிக்க வந்தவர்களில் பலர் வெளிநாட்டார், வயதில் மூத்தவர்கள். அந்த ஊரில் அவர்களுக்குக் குடியுரிமை இல்லை. அதனால் சங்கம் சேர்ந்து, தங்களில் ஒருவரையே ரெக்டராக, அதாவது தலைவராக, வைத்துக்கொண்டார்கள். பல்கலைக்கழகம் என்றது அந்தச் சங்கத்தைத்தான். அதற்கென்று கட்டடம் கிடையாது. ஆசிரியர் தன் வீட்டிலோ வாடகை அறையிலோ பாடம் சொன்னார். கட்டணத்தை மாணவர்களே வசூலித்துக் கொடுத்தார்கள். காசு கொடுத்தவன் கணக்கும் கேட்டான்.

அந்தச் சங்கத்தின் 1317ஆம் ஆண்டு விதிகளின்படி, அனுமதியில்லாமல் ஆசிரியர் ஒரு நாள்கூட வகுப்புக்கு வராமலிருக்க முடியாது. வெளியூர் போனால் திரும்பி வருவதற்குப் பிணைத்தொகை கட்ட வேண்டும். காலை வகுப்புக்கு ஐந்து பேர்கூடச் சேராவிட்டால், வகுப்புக்கு வராத ஆசிரியருக்கு உண்டான அபராதம்தான். மணியடித்ததும் தொடங்க வேண்டும், அடுத்த மணிக்கு நிறுத்திவிட வேண்டும். சிக்கலான இடத்தைக் கடைசியில் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது. நூலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இந்தப் பகுதி இந்த நாளுக்குள் என்று குறித்துவிடுவார்கள். பிந்தினால் முன்கூட்டியே கட்டிவைத்த பணத்திலிருந்து கழியும். ரோமானியச் சட்டத்தொகுப்பில் டைஜெஸ்ட் என்ற பகுதி மட்டுமே 50 புத்தகம். தொடக்கத்திலேயே ஆசிரியர் அளந்துகொண்டிருந்தால் ஆண்டு போய்விடும், கடைசிப் பகுதிகளை யாரும் கேட்கவே முடியாது. பாடத்திட்டத்தை முடிக்கும் உன் ஜனவரி ஓட்டம் அங்கேயும் இருந்ததுதான்.

ஓடோஃப்ரெடஸ் என்ற 13ஆம் நூற்றாண்டு ஆசிரியர் பாடம் நடத்திய வரிசையை நீ அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முதலில் தலைப்பின் சுருக்கம். பிறகு, அந்தச் சட்டம் எந்த வழக்கைப் பேசுகிறது என்று தெளிவாகச் சொல்வது. அதன் பின்னரே மூலத்தை வாசித்துப் பிரதியில் உள்ள பிழைகளைத் திருத்துவது. பொருளை மீண்டும் சுருக்கிச் சொல்வது. முரண்பாடுகளும் நுணுக்கமான கேள்விகளும் இவற்றுக்கெல்லாம் பிறகு. வழக்கு புரியாமல் முரண்பாட்டைக் கேட்டால் மாணவனுக்கு ஒன்றும் ஏறாது. அந்த மனிதரே இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: மாணவர்களுக்கு அறிவு வேண்டும், காசு கொடுக்க மனமில்லை, ஆகவே அடுத்த ஆண்டு பிற்பகல் வகுப்பு கிடையாது!

வசூல் இப்படி இழுபறியாக இருந்ததால், 1280இல் கார்சியா என்ற ஸ்பானியருக்கு 150 லிரா சம்பளத்தை நகரமே கொடுத்தது. அதைக் கேட்டு வாங்கித் தந்தவர்கள் மாணவர்கள். அங்கேதான் தங்கள் பிடியைத் தாங்களே விட்டார்கள் என்பேன். நகரச் சம்பளம் வழக்கமானதும் அதிகாரமும் மெல்ல நகரத்தின் கைக்குப் போய்விட்டது.

பாரிஸ் இதற்கு நேர்மாறு. அங்கே சங்கம் ஆசிரியர்களுடையது. 1215 விதிப்படி, கலைப்பாடம் சொல்ல 21 வயது ஆகியிருக்க வேண்டும், ஆறாண்டு பாடம் கேட்டிருக்க வேண்டும்; இறையியலுக்கு 35 வயது.

உன் பிள்ளைகள் "மேடம், நோட்ஸ் சொல்லுங்க" என்று நச்சரிக்கிறார்கள் அல்லவா? அங்கும் அதே பாடுதான். தோலில் எழுதிய நூல் விலை அதிகம். கடைக்காரர் சரிபார்த்த மூலத்தைப் புத்தகமாகத் தைக்காமல் நான்கு நான்கு தாளாக வாடகைக்கு விடுவார். ஒன்றை நகலெடுத்துத் திருப்பித் தந்து அடுத்ததை வாங்கலாம், ஒரே நூலைப் பலர் ஒரே சமயத்தில் எழுதலாம். மூலத்தில் பிழை இருந்தால் அத்தனை நகலிலும் ஏறும் என்பதால் பொலோஞாவில் அதைச் சோதிக்க ஆறு பேர் இருந்தார்கள். இந்த வாடகையும் மிச்சம் என்றுதான் மாணவர்கள் வகுப்பிலேயே எழுதிக்கொள்ளப் பார்த்தார்கள். 1355இல் பாரிஸ் கலைப்புலம் அதைத் தடுத்தது: மனம் வாங்கிக்கொள்ளலாம், கை எழுதிவிடக் கூடாது, அந்த வேகத்தில் பேச வேண்டும். மீறிய ஆசிரியருக்கு ஓராண்டு பாடம் சொல்லத் தடை. இதை எதிர்த்துக் கூச்சலிட்டாலோ, தானாகவோ வேலைக்காரனை விட்டோ கல்லெறிந்தாலோ மாணவனுக்கும் ஓராண்டு விலக்கு. திரும்பச் செய்தால் இரட்டிப்பு.

படிவத்தில் உனக்கு வந்த குறைகளை அடுத்த கடிதத்தில் எழுது. வேகமாகப் பேசுகிறீர்கள் என்று எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
அம்மா