படத்தில் வந்திருந்த பெரியவருக்கு

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது, முகம் மட்டும்தான் தெரியும். 2019 ஆகஸ்ட் 18 அன்று, பெர்லினின் கிழக்கு ஓரத்தில் கோபெனிக் காட்டை ஒட்டிய உங்கள் மைதானத்தில், யாரோ உங்கள் படத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்கள். யூனியன் பெர்லின் கால்பந்து அணி முதன்முதலாக ஜெர்மனியின் முதல் பிரிவு லீக்கான புண்டஸ்லிகாவில் ஆடிய நாள் அது. அந்த நாளைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்த ரசிகர்களின் படங்கள் 400க்கும் மேல் அன்று கூட்டத்தில் நின்றன. திரையில் பார்த்த எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் கழகத்தின் கதையை நான் தேடித் தேடிப் படித்தேன். 1906இல் ஓபர்ஷோனவைட என்ற தொழிற்சாலைப் பகுதியில் பிறந்த அணி. அணியின் நீலச் சட்டை ஆலைத் தொழிலாளர் உடுப்பைப் போல இருந்ததால், 'ஃபிட்டர் பசங்க' என்றே ஊர் அழைத்ததாம். 'இரும்பு யூனியன்' என்று இன்றும் ஒலிக்கும் முழக்கம் அந்த மண்ணில் பிறந்ததுதான். 1920இல் காட்டோரத்து மைதானத்துக்குக் குடிபோனார்கள். பழைய வனக்காவலர் வீடு என்று பொருள்படும் ஆல்டே ஃபோர்ஸ்டராய் என்ற பெயரை இன்றுவரை யாரும் மாற்றவில்லை. எந்த நிறுவனத்துக்கும் விற்கவும் இல்லை.

அப்புறம் போர், பிரிவினை, 1966இல் புது அமைப்பு. இன்றைய பெயர் அப்போது வந்ததுதான். 1968இல் யேனா அணியை 2-1 என்று வென்று கிழக்கு ஜெர்மனியின் கோப்பையைத் தூக்கினீர்கள். ஐரோப்பியப் போட்டிக்குப் போகும் உரிமையும் கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராகுக்குள் சோவியத் டாங்கிகள் நுழைந்தன. மேற்குக்கும் கிழக்குக்கும் நடந்த இழுபறியில் கிழக்கு நாட்டு அணிகள் விலகிக்கொள்ள, உங்கள் பயணமும் நின்றுபோனது. அடுத்த வாய்ப்பு வந்தது 2001இல். 33 வருடம், ஐயா! நீங்கள் அதை எப்படித் தாங்கினீர்கள்?

அதே நகரத்தில் டைனமோ என்ற அணி இருந்தது. கிழக்கு ஜெர்மனி ரகசியக் காவல்துறையின் தலைவர் எரிக் மீல்கேயின் செல்லப்பிள்ளை. 1979 முதல் 1988 வரை தொடர்ந்து 10 முறை அவர்களே சாம்பியன். உங்கள் அணியோ மேல் பிரிவுக்கும் கீழ்ப் பிரிவுக்குமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. உங்கள் மைதானத்துக்கு வந்த எல்லோரும் அரசை எதிர்த்தவர்கள் என்று சொல்ல மாட்டேன், அது மிகைப்படுத்தல். ஆனால் எதிரணிக்கு ஃப்ரீ கிக் கிடைத்து வீரர்கள் வரிசையாகச் சுவர் கட்டி நிற்கும்போது, "சுவர் போகணும்!" என்று ஒரே குரலில் கத்தினீர்களே, அது எந்தச் சுவர் என்று கேட்டவர் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சுவர் விழுந்து சில வாரங்களில், 1990 ஜனவரி 27 அன்று, ஒலிம்பிக் அரங்கில் மேற்குப் பக்கத்து ஹெர்தா அணியோடு ஆடினீர்கள். 50,000 பேருக்கு மேல் வந்தார்கள். 2-1 என்று தோற்றதை அன்று பெரிதாக யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

விடுதலைக்குப் பிறகுதான் பசி வந்தது. 1993இல் ஆடி ஜெயித்த பதவி உயர்வு, போலி வங்கி உத்தரவாதக் கடிதத்தால் கைநழுவியது. 2004இல் மூன்றாம் பிரிவில் ஆடும் உரிமத்துக்கே 14 லட்சத்து 60 ஆயிரம் யூரோ காட்ட வேண்டிய நிலை. அப்போது ரசிகர்கள் மருத்துவமனைகளில் ரத்தம் கொடுத்து, அதற்குக் கிடைத்த தொகையைக் கழகத்துக்குக் கொடுத்தார்கள். அந்த வரிசையில் நீங்களும் நின்றீர்களா? அதற்கு முந்தைய கிறிஸ்துமஸுக்கு, தோல்வி மேல் தோல்வியாக இருந்த நேரத்தில், 89 பேர் அனுமதி கேட்காமல் மைதானத்துக்குள் புகுந்து பாட்டுப் பாடினார்களே, அதிலாவது? இப்போது அந்தப் பாட்டுக்கு அரங்கமே நிறைகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது 2008. படிகளெல்லாம் பெயர்ந்து புல் முளைத்துக் கிடந்த மைதானத்தைப் புதுப்பிக்கப் பணம் இல்லை. சரி, நாமே கட்டுவோம் என்று கிளம்பினார்கள். 2,000க்கும் மேற்பட்டவர்கள் வேலைக்கு விடுப்புப் போட்டு வந்து, ஏறக்குறைய 1,40,000 மணி நேரம் உழைத்தார்கள். கூலி கிடையாது. சிமென்ட் குழைத்தார்கள், கம்பி கட்டினார்கள், தாங்கள் நின்று பார்க்கப்போகும் படிகளைத் தாங்களே வார்த்தார்கள். 22,012 பேர் கொள்ளும் அந்த அரங்கில் உட்கார 3,617 இடம்தான், மற்றவர்கள் எல்லோரும் நின்றுதான் பார்க்கிறார்கள். சொந்தக் கையால் கட்டிய வீட்டின் திண்ணை அது. வேறெங்கும் இப்படி ஒரு அரங்கத்தை நான் கேள்விப்பட்டதில்லை. வெளியே பெரிய சிவப்புத் தலைக்கவசம் ஒன்றை நினைவுச்சின்னமாக வைத்து, கட்டியவர்கள் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள்.

சரி, நீங்கள் போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். 2023இல் புண்டஸ்லிகாவில் நான்காம் இடம், அதனால் ஐரோப்பாவின் பெரிய கழகங்கள் ஆடும் சாம்பியன்ஸ் லீக்கில் இடம். மாட்ரிட்டில் ரியால் மாட்ரிட் அணியை 94ஆம் நிமிடம் வரை கோல் போடவிடாமல் நிறுத்தி, அதன் பிறகு 1-0 என்று தோற்றோம். 2025இல் பெண்கள் அணியும் புண்டஸ்லிகாவுக்கு ஏறிவிட்டது.

ஆனால் உங்களிடம் முதலில் சொல்ல நினைத்தது இதல்ல. உங்கள் படம் வந்த அந்த முதல் ஆட்டத்தில் லைப்சிக் அணியிடம் 4-0 என்று தோற்றோம். படத்தைச் சுமந்தவர் வீடு திரும்பும்போது உங்களிடம் என்ன சொல்லியிருப்பார் என்று வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். 13 நாள் கழித்து, அதே மைதானத்துக்கு டார்ட்மண்ட் அணி வந்தது. 2018 வரை நான்காம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த மாரியஸ் பூல்ட்டர் இரண்டு கோல் போட்டார், ஆண்டர்சன் ஒன்று. 3-1. நாம் ஜெயித்தோம், ஐயா.

அன்புடன்,
தூரத்து ரசிகன்